சார்டீனியாவில் பத்து நாள்: ஒரு பைக், ஒரு கார், இரண்டு பிள்ளைகள்

சுவிஸில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எங்கட ஆட்களில் பலர், முதல் பிள்ளை பிறந்த கையோடு பைக்கை விற்றுவிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நான் விற்கவில்லை. மனைவியும் விற்க விடவில்லை. எங்கள் இருவரில் முதலில் லைசன்ஸ் எடுத்தவ அவதான். "பிள்ளையளைப் பெத்துப்போட்டு இதென்ன விளையாட்டு?" என்று அம்மா கேட்காத மாதம் இல்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே, ஓடுறதெண்டால் எப்படி ஓடுறது என்று இருவரும் ஆறுதலாக இருந்து யோசித்தோம். அந்த யோசனையோடு போன ஒக்டோபர் பாடசாலை விடுமுறையில் நாங்கள் போன இடம்தான் இத்தாலியின் சார்டீனியாத் தீவு.

"பொறுப்பான பயணம்" என்ற சொல்லை இப்போது எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லில் இரண்டு பொறுப்பு இருந்தது. ஒன்று, வீட்டுக்கு முழுசாகத் திரும்பி வருவது. மற்றது, நாங்கள் போய்வந்த பிறகு அந்த ஊர் போன மாதிரியே இருப்பது.

ஏன் சார்டீனியா?

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு இது. பரப்பளவு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீற்றர்; இலங்கையின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூட. ஆனால் இருக்கிற சனம் சுமார் 16 இலட்சம்தான். செம்மறி ஆடுகள் 30 இலட்சம் அளவில் இருக்கின்றன. அதாவது ஆளுக்கு இரண்டு ஆடு. இதைச் சொன்னவுடன் என் ஆறு வயது மகன், "அப்ப என்ர ரெண்டு ஆடும் எங்க?" என்று கேட்டான். பயணம் முழுக்க அந்த இரண்டையும் தேடினோம்.

தீவில் கட்டணம் கட்டி ஓடுகிற அதிவேக நெடுஞ்சாலை ஒன்றுகூட இல்லை. வடக்கிலிருந்து தெற்குக்குப் போகும் எஸ்.எஸ். 131 என்ற அகலமான பாதை ஒன்று உண்டு. மிச்சமெல்லாம் மலையைச் சுற்றியும் கடலை ஒட்டியும் போகிற சின்னப் பாதைகள். பைக் ஓடுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். விமானமும் தேவையில்லை. சூரிச்சிலிருந்து கொத்தார்ட் வழியாக ஜெனோவாத் துறைமுகம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். அங்கிருந்து இரவுக் கப்பலில் ஏறிப் படுத்தால், காலையில் போர்ட்டோ தொரெஸில் இறங்கலாம். கப்பலும் புகை விடுகிறதுதான், மறுக்கவில்லை. அதனால் வார இறுதிக்கு மூன்று முறை பறப்பதைவிட, ஒரு முறை போய்ப் பத்து நாள் நிற்பது என்று முடிவெடுத்தோம்.

எங்கள் ஏற்பாடு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஏறுவதில்லை. பிள்ளைகளுக்கு ஒரே நாளில் இரண்டு பேருமே இல்லாமல் போகிற வாய்ப்பை நாங்களாக உருவாக்கக்கூடாது என்பதற்காக. இதை மனைவி முதன்முதலில் சொன்னபோது அபசகுனமாகத்தான் பட்டது. இப்போது அது ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

இத்தாலியில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பைக்கில் ஏற்றச் சட்டம் விடாது. என் மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஆறு. இரண்டு பேரையும் ஏற்றச் சட்டம் விடும். நாங்கள் ஏற்றவில்லை. மலைப்பாதையில் எட்டாவது வளைவில் நித்திரை தூங்கினால் என்ன செய்வது?

அதனால் எங்கள் குடும்பக் காரும் என் 700 சிசி யமஹாவும் சேர்ந்து போயின. ஒருவர் பைக்கில், மற்றவர் பிள்ளைகளோடு காரில். அரை நாளுக்கு ஒரு தடவை சாவியை மாற்றிக்கொள்வோம். ஒரு நாளில் 150 கிலோமீற்றருக்கு மேல் போவதில்லை. சூரியன் இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே பைக் நின்றுவிட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில்தான் காட்டுப்பன்றியும் மாடும் றோட்டுக்கு வரும். எவ்வளவு வெயிலென்றாலும் முழு ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், காற்றுப்பை உள்ள வெஸ்ட். கடற்கரையில் அரைக் காற்சட்டையோடு ஸ்கூட்டர் ஓடுகிறவர்களைப் பார்த்து மகள், "அவைக்கு மட்டும் ஏன் சுடேல்ல?" என்று கேட்டாள். "விழுந்தால் அவைக்குத்தான் கூடச் சுடும்" என்றேன்.

அல்கேரோவிலிருந்து போசாவுக்கு

முதல் பாதை மேற்குக் கரையில். அல்கேரோ என்ற கோட்டைநகரில் தொடங்கித் தெற்கே போசா வரை ஏறத்தாழ 45 கிலோமீற்றர். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் கடல் எங்கள் பக்கத்திலேயே, வலது கைப்பக்கம் வரும். வீடுகள் மிகக் குறைவு, கடைகள் கிட்டத்தட்ட இல்லை. அல்கேரோவிலேயே பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்தப் பாறைச்சரிவுகளில் கிரிஃபன் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் வாழ்கின்றன. நரிகளுக்கும் நாய்களுக்கும் வைத்த நஞ்சைத் தின்று முன்பு இவை அழிகிற நிலைக்கு வந்தன. பிறகு ஸ்பெயினிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்டு எண்ணிக்கையை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். நாங்கள் ஒரு தரிப்பிடத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் இருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று, மூன்று, ஐந்து. இறக்கையை அடிக்காமலே மேலே ஏறிக்கொண்டு போயின. அதே நேரத்தில் ஏழெட்டு பைக்குகள், சைலன்சரை மாற்றி வைத்த சத்தத்தோடு எங்களைக் கடந்து போயின. கழுகுகள் மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டன. பைக்கில் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தாங்கள் எதைக் கலைத்தோம் என்று அவர்களுக்குத் தெரியவே வராது.

போசா, தெமோ ஆற்றின் கரையில் நிறம்நிறமாக வீடுகள் உள்ள ஊர். அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் குலியேரி. 2021 ஜூலையில் மொந்திஃபெர்ரு மலைப்பகுதியில் பிடித்த காட்டுத்தீ பல ஆயிரம் ஹெக்டேயர் காட்டையும் ஒலிவ் தோட்டங்களையும் எரித்தது. குலியேரியில் ஆயிரம் வருடத்துக்கு மேல் வயது என்று சொல்லப்பட்ட ஒரு ஒலிவ் மரமும் அதில் கருகியது. தாவரவியலாளர்கள் அதைக் கைவிடாமல் நிழல் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். பிறகு அடியிலிருந்து புதுத் துளிர் வந்தது.

பைக் ஓடுகிறவர்களுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. ஓடிவந்த பைக்கின் புகைக்குழாய் கொதிக்கும். அதைக் காய்ந்த புல்லுக்கு மேல் நிறுத்தி, அழகான படம் ஒன்று எடுத்துவிட்டுப் போவது இந்தத் தீவில் சின்ன விஷயம் இல்லை. நாங்கள் தார் அல்லது வெறும் கல் உள்ள இடத்தில் மட்டும் நிறுத்தினோம். காட்டில் புகையைக் கண்டால் அழைக்க வேண்டிய இலக்கங்கள் 1515, 112. இவை இரண்டும் மகளுக்குப் பாடம்.

மலைக்குள்ளே ஒர்கோசொலோ

கரையை விட்டு நடுத்தீவுக்குப் போகப்போகக் காட்சி மாறும். தக்கை மரங்கள் வரும். பட்டை உரித்த அடிமரம் செங்கல் நிறத்தில் நிற்கும். மரம் 25, 30 வயது வந்த பிறகுதான் முதல் பட்டையை உரிக்கலாம். அதற்குப் பிறகு சுமார் பத்து வருடத்துக்கு ஒரு தடவை. மரத்தை வெட்டுவதில்லை. நட்டவருக்குக் கிடைப்பது கொஞ்சம், பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும்தான் பலன். எங்கட ஊர்ப் பனை மாதிரி.

ஒர்கோசொலோவில் வீட்டுச்சுவர்கள் எல்லாம் ஓவியங்கள். 1975இல் ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் வரையத் தொடங்க, ஊரே தொடர்ந்தது. பல ஓவியங்களுக்குப் பின்னால் 1969ஆம் ஆண்டு இருக்கிறது. ஊர் மக்கள் ஆடு மேய்த்துவந்த பிரத்தோபெல்லோ என்ற நிலத்தை இராணுவத்தின் சூட்டுப்பயிற்சிக்கு எடுக்க அரசு முடிவு செய்தது. ஆண், பெண், கிழவர், பிள்ளைகள் என்று ஊர் முழுக்க அந்த நிலத்தில் போய் இருந்தார்கள். ஆயுதம் இல்லாமல் நடந்த அந்தப் போராட்டத்தின் பின் இராணுவம் விலகியது.

இதை மகளுக்கு விளங்கப்படுத்தும்போது எனக்கு வலிகாமம் வடக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் பெற்றோருக்கு "ஆமி எடுத்த காணி" என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தேவை. தகப்பனாக எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்த ஒரு கதையை, யாரோ ஒருவருடைய ஊர்ச் சுவர் எனக்குத் தொடங்கித் தந்தது.

இந்த மலை ஊர்களில் ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். பக்கத்தில் ஒல்லொலாய் என்ற ஊர், கைவிடப்பட்ட வீடுகளை 1 யூரோவுக்கு விற்க முன்வந்து உலகச் செய்தியானது. இளம் ஆட்கள் இத்தாலியின் பெருநகரங்களுக்கும் ஜேர்மனிக்கும் சுவிஸுக்கும் போய்விட்டார்கள். கோடையில் கரையில் மட்டும் காசு கொட்டும், மலைக்கு வராது. ஆகவே நாங்கள் பத்து இரவில் ஆறு இரவு மலை ஊர்களில் தங்கினோம். பாணும் பெற்றோலும் அங்கேயே வாங்கினோம். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஊர் உறங்கும். அந்த நேரத்தில் ஊருக்குள் பைக்கைச் சத்தம் போட்டு ஓட்டவில்லை.

எஸ்.எஸ். 125

பைக் ஓடுகிறவர்கள் சார்டீனியா என்றாலே சொல்லும் பாதை இது. கிழக்குக் கரையோரமாகத் தீவின் நீளத்துக்கு ஓடுகிறது. அதில் தொர்காலிக்கும் பவுனேயிக்கும் இடையிலான சுமார் 45 கிலோமீற்றர்தான் உச்சம். சுண்ணாம்புக்கல் மலையின் விளிம்பில் ஏறி ஏறி, 1017 மீற்றரில் ஜென்னா சிலானா கணவாய். ஒரு பக்கம் கோரோப்புப் பள்ளத்தாக்கு. அதன் சுவர்கள் சில இடங்களில் 400 மீற்றருக்கு மேல் செங்குத்தாக நிற்கின்றன.

இந்தப் பாதையை யார் ஓடுவது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. கடைசியில் கணவாய் வரை மனைவி, அதற்குப் பிறகு நான். பிள்ளைகளோடு காரில் பின்னால் போனபோதுதான் ஒன்று கவனித்தேன்: அவ வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தன் பக்கத்தின் வலது கரையிலேயே நின்று, கண்ணை வளைவின் முடிவில் வைத்துத் திரும்பினா. நடுக்கோட்டைத் தொடவே இல்லை. எதிரே வந்த பைக்குகளில் சில நடுக்கோட்டை வெட்டிக்கொண்டு சாய்ந்து வந்தன. அவையின் தலை எங்கள் பக்கத்துக்குள் இருந்தது. அப்படி வருகிறவரை எங்களால் திருத்த முடியாது. அவருக்கு இடம் விட்டு ஓட முடியும்.

ஒரு வளைவுக்கு அப்பால் பதினைந்து ஆடுகள் றோட்டில் நின்றன. மேய்ப்பரைக் காணவில்லை. மனைவி மெல்ல நிறுத்தி, இஞ்சினை அணைத்தா. மகன் கண்ணாடியைத் திறந்து, "அதில ரெண்டு என்ர!" என்று கத்தினான். ஆடுகள் எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் போயின. வேகமாக வந்திருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நாங்கள் இருவரும் வாயால் சொல்லவில்லை.

கணவாயில் காற்று பலமாக அடித்தது. சாவியை மாற்றிக்கொண்டோம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் மலை விலகி, தூரத்தில் கடல் நீலமாகத் தெரிந்து மறைந்தது. அந்த இருபத்தைந்து நிமிடத்தில் வேலைத்தளமும் இல்லை, கோட் ரிவியூவும் இல்லை. அதற்காகத்தான் பைக். காரில் வருகிற பிள்ளைகளுக்கு இந்த வளைவுகள் வயிற்றைக் கலக்கும். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், ஒரு பையும் கையில் இருக்கட்டும்.

பாட்டியும் பேரனும்

பவுனேயிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரப் பாட்டி இரவுச் சாப்பாட்டுக்குக் குலுர்ஜோனெஸ் செய்தா. கோதுமை மாவுக்குள் உருளைக்கிழங்கு, ஆட்டுச் சீஸ், புதினா வைத்து, விளிம்பைக் கோதுமைக் கதிர் மாதிரிக் கிள்ளிக் கிள்ளி மூடுவார்கள். மகள் பார்த்துவிட்டு, "இது கொழுக்கட்டை!" என்றாள். அம்மம்மாவிடம் பழகிய கை அவளுக்கு. மூன்றாவது கிள்ளலில் பாட்டி தன் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தா.

பாட்டி தொலைபேசியில் தங்கையோடு ஒரு மொழியும், எட்டு வயதுப் பேரனோடு இன்னொரு மொழியும் கதைத்தா. முதலாவது சார்டு மொழி. இத்தாலியனின் கிளைமொழி இல்லை, தனி மொழி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இத்தாலியன் கொஞ்சம் வரும். "பேரனோடு ஏன் சார்டு கதைக்கிறதில்லை?" என்று கேட்டேன். தான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சார்டு கதைத்தால் அடி விழும் என்றா. அதனால் தன் பிள்ளைகளுக்கு இத்தாலியன் மட்டும் கொடுத்தாவாம், படிப்பில் பின்தங்கக்கூடாது என்று. "பேரனுக்கு விளங்கும். பதில் மட்டும் இத்தாலியனில வரும்."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் வீட்டிலும் அதேதான். "சாப்பிட வாங்கோ" என்றால் விளங்கும். பதில் ஜேர்மனில் வரும். எங்களை ஒருவரும் அடிக்கவில்லை, எங்கள் பெற்றோர் எங்களோடு தமிழில்தான் கதைத்தார்கள். அப்படியிருந்தும் வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில், லேசாக வாயில் வருவதை நாங்கள் கதைத்துவிடுகிறோம்.

சார்டு மொழியை இத்தாலி 1999ஆம் ஆண்டின் 482ஆம் இலக்கச் சட்டத்தில் சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. ஊர்ப்பெயர்ப் பலகைகளில் இரண்டு பெயர் இருக்கிறது. நுவோரோவுக்குக் கீழே நூகொரோ என்றும் எழுதியிருக்கும். அந்த நுவோரோவில் பிறந்த கிராட்சியா தெலெத்தா 1926ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசைப் பெற்றார். சார்டீனியாவைப் பற்றி அவர் எழுதியது இத்தாலியனில்தான். சட்டமும் பலகையும் பரிசும் நல்லவைதான். ஆனால் ஒரு மொழி இருக்குமா இல்லையா என்பதை, மாவு பிசைகிற மேசையில் பிள்ளையோடு எதில் கதைக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

அடுத்த நாள் காலை, கிளம்பும்போது பேரன் என் மகனிடம் "அடியோசு" என்றான். சார்டில் விடைபெறும் சொல். பாட்டி சிரித்தா, அவன் வாயிலிருந்து அது வந்ததே அவவுக்குப் புதினம். மகன் என்னைப் பார்த்தான். "போட்டு வாறம்" என்று சொல்லிக்கொடுத்தேன். தமிழில் "போறம்" என்று மட்டும் சொல்லக்கூடாது, திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். அவன் அதைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நானும் அதையேதான் அவர்களிடம் சொல்லிவிட்டு ஏறினேன்.

எண்ணி விடும் கடற்கரைகள்

பவுனேயிக்கு மேலே உள்ள கொல்கோ மேட்டுநிலத்திலிருந்து காலா கொலொரிட்சே கடற்கரைக்கு நடந்துதான் இறங்க வேண்டும். ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர். நாளுக்கு 250 பேரை மட்டும் விடுகிறார்கள். முன்பதிவும் சிறு கட்டணமும் உண்டு. படகுகள் கரை தொடக்கூடாது. வடமேற்கில் ஸ்டிண்டீனோ ஊரின் லா பெலோசாக் கடற்கரையில் கோடைக்கு நாளொன்றுக்கு 1500 பேர். துவாயை மணலில் விரிக்க முடியாது, பாய்தான், ஏனென்றால் துவாயில் ஒட்டி மணல் போய்விடும். வடக்கே புதெல்லித் தீவின் இளஞ்சிவப்புக் கடற்கரையை 1994இலிருந்தே மூடிவிட்டார்கள்.

மணலையோ கல்லையோ சிப்பியையோ எடுத்துக்கொண்டு போனால் 2017ஆம் ஆண்டின் சட்டப்படி 500 முதல் 3000 யூரோ வரை தண்டம். 2019இல் ஒரு சோடி காரில் 40 கிலோ மணலோடு போர்ட்டோ தொரெஸ் துறைமுகத்தில் பிடிபட்டது செய்தியாக வந்தது.

கொலொரிட்சேயில் மகன் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை அம்மம்மாவுக்கென்று கையில் வைத்திருந்தான். "ஒரு கல்லுத்தானே?" என்றான். "இண்டைக்கு 250 பேர். ஆளுக்கு ஒண்டு எண்டால், ஒரு வருசத்தில எத்தினை?" என்று மகள் கணக்குக் கேட்டாள். அவன் கணக்குப் பார்க்கவில்லை. கல்லைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் தொடுகிற இடத்தில் வைத்தான். திரும்பி ஏறும் ஒன்றரை மணித்தியாலமும் அதன் நிறத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான்.

போக நினைப்பவர்களுக்கு

ஒக்டோபரில் கடல் இன்னும் குளிரவில்லை, கூட்டம் இல்லை, விலையும் குறைவு. மே மாதமும் நல்லது. ஜூலை, ஓகஸ்டில் முழுப் பாதுகாப்பு உடுப்போடு ஓடுவது கஷ்டம்; தீவுக்கும் அந்த நேரத்தில் இன்னொரு வாகனம் பாரம்தான்.

கிளம்புமுன் டயரையும் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். சின்ன ஊர்ப் பெற்றோல் நிலையங்கள் மத்தியானம் பூட்டும். தானியங்கி இயந்திரத்துக்குக் கையில் தாள்காசு வைத்திருங்கள். மணல்மேட்டிலும் நடைபாதையிலும் பைக்கை ஏற்றாதீர்கள். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பருமினியில் உள்ள சு நுராக்சியைப் பாருங்கள். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய வெண்கலக்காலக் கோபுரம். 1997இலிருந்து உலக மரபுச் சின்னம். இப்படி 7000க்கு மேற்பட்ட நுராகேக் கோபுரங்கள் தீவு முழுக்க இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எண்ணிக்கொண்டு வர நல்ல விளையாட்டு.

கடைசியாக, பைக்கில் போகத்தான் வேண்டும் என்று நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். அது ஒவ்வொரு வீடும் இருந்து கதைத்து எடுக்க வேண்டிய முடிவு. போறதெண்டால், யார் எதில் ஏறுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பிள்ளைகள் கேட்கக் கதையுங்கள். தமிழில் கதையுங்கள்.